மூடியில்லாத கம்ப்யூட்டர்

முள் எடுக்கும் இடுக்கியால் நாணயத்தின் விளிம்பைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடியும் பிடித்தாள். கம்ப்யூட்டர் போர்டின் மேல் நெட்டுக்குத்தாக நின்ற இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவில் அது செருகிக்கொண்டிருந்தது. அறையில் கருகிய பிளாஸ்டிக் வாடை. நேற்றைய ஊதுபத்தி வாடையும் போகவில்லை.

"வந்துருச்சா அண்ணி?"

முரளிதரன் நிலைப்படிக்கு வெளியே நின்றான். புது வேட்டி. நெற்றியில் குங்குமம். லீலா இடுக்கியைச் சற்றுச் சாய்த்தாள்.

"ஷாக் அடிக்கப் போவுது. பிளக்கைப் பிடுங்கிட்டீங்கள்ல?"

"பேசாம நில்லு."

நாணயம் வந்துவிட்டது. ஒரு ரூபாய். ஒரு பக்கம் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. விளிம்பில் ஓரிடம் கறுத்திருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள். தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. குளியலறையில் இருந்தபோதே அவளுக்குக் கருகல் வாடை வந்துவிட்டது. சோப்பைக்கூட முழுதாகக் கழுவாமல் ஓடிவந்திருந்தாள்.

"குளிக்கப் போறப்ப உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"ஸ்விட்ச் போடாதேன்னீங்க."

"அப்புறம் ஏன் போட்ட?"

"விஜயதசமி அண்ணி. பூஜை போட்ட மிஷினைக் காலைல ஒரு தடவை ஓட்டிடணும். எங்க பேக்டரியில முதல் ஷிப்ட்டுக்கு முன்னாடியே ஓட்டிடுவாங்க. ராகு காலம் வேற வந்துடும்னு…"

"நான் வந்து ஓட்ட மாட்டேனா?"

முரளிதரன் தரையைப் பார்த்தான். அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் தெரிந்துகொள்வாள் என்று அவனுக்கும் தெரியும். லீலா விதவை. நல்ல நாளில் எதையும் அவள் கை தொடங்கக்கூடாது.

அவள் புருஷன் சேகரன், முரளிதரனின் அண்ணன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, மாரடைப்பில் போனான். அவனுக்குப் பதிலாக லீலாவுக்கு அதே ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. குழந்தை இல்லை. மைத்துனன் குடும்பத்தோடு அசோகபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். வாடகையில் பாதி அவளுடையது. பின்பக்கத்து அறையும் அவளுடையது. மற்ற எதிலும் அவள் முன்னால் நிற்பதில்லை. நிற்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு வெளியே வரும் நேரத்தில் யாராவது ஒரு குழந்தையை அவள் கையில் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கோ என்பார்கள். முரளிதரன் ஸ்கூட்டர் வாங்கி வந்த அன்று உள்ளே பால் பொங்குகிறதா பார்க்கச் சொன்னார்கள். கோபப்படுவதற்குக்கூடப் பிடி கிடைக்காத மாதிரி, எல்லாம் மிகவும் மரியாதையாக நடந்தது.

ஒர்க்‌ஷாப்பில் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அவளையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்தவன் சாப்பிடப் போகும்போது ஒரு மிஷினில் விளையாட்டு ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போனான். கறுத்த திரை. நடுவில் சின்னப் பச்சைத் திட்டு. அதில் ஒரு குடிசை, சில ஆட்கள். ஆளை நடக்கவிட்டால் அவன் போகும் வழியெல்லாம் கறுப்பு விலகித் தரை தெரிந்தது. மரம் வெட்டச் சொன்னால் வெட்டினான். களஞ்சியம் கட்டச் சொன்னால் கட்டினான். கறுப்புக்குள் எங்கேயோ எதிரியும் இதையேதான் செய்துகொண்டிருந்தான். லீலா அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரி வந்து அவளுடைய ஊரைக் கொளுத்திவிட்டான். தானியம் சேர்ப்பதற்கு முன்னால் மதில் கட்டியதுதான் தப்பு என்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தப்பு எது என்று தெரிந்தது.

ஒரு ஏற்றுமதிக் கம்பெனி பழைய மிஷின்களைக் கழித்துக்கட்டியபோது ஒன்றை வாங்கினாள். ஆபீஸ் வேலையை வீட்டில் பழக என்று சொன்னாள். யாரும் கேட்காமலேயே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினாள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் வில்லாட்களை நிறுத்தினால் சின்னப் படையை வைத்தே பெரிய படையைத் தடுக்கலாம் என்று தானாகவே கண்டுபிடித்தாள். அதைச் சொல்வதற்கு யாரும் இல்லை.

பிறகு அதைவிடப் பெரிய விளையாட்டுகள் வந்தன. பெரிய நிலம், ஏராளமான ஆட்கள். பழைய மிஷினால் முடியவில்லை. போர் தொடங்கியதும் படம் நின்றுவிடும். வீரன் கத்தியை ஓங்கியபடி நிற்பான். லீலா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அப்போதுதான் கத்தி இறங்கும்.

புது மிஷின் வாங்க முடியாது. மண்டி மொஹல்லாவில் சந்துக்குள் பாச்சுவின் கடை இருந்தது. டைப்ரைட்டர் ரிப்பேர் என்ற அவன் அப்பா காலத்துப் பலகையின் கீழே அவன் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்றான். பழையதைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு, அதைவிடக் குறைவாகப் பழையதான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடையை விட்டு இறங்கினால் அவன் பொறுப்பில்லை. அப்படித்தான் ஒரு வருஷமாக ஒவ்வொன்றாக மாற்றினாள். முதலில் கலர் மானிட்டர். பிறகு ஹார்ட் டிஸ்க். அப்புறம் பென்டியம் போர்டு, ப்ராசஸர். கடைசியாக மெமரி.

"இந்த போர்டுல மெமரி ஜோடியாத்தான் போடணும் மேடம்" என்றான் பாச்சு தன் கன்னடம் கலந்த தமிழில். "ஒண்ணு போயிடுத்துன்னா இன்னொண்ணு இருந்தும் சும்னே, வேஸ்ட்."

"இதுலயுமா" என்றாள் லீலா.

பாச்சுவுக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும் அவளே பூட்டினாள். மின்சாரம் வரும் இரண்டு கொத்து வயர்களைச் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும்; மாறினால் போர்டு போய்விடும். அதைச் செருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். ப்ராசஸர்மேல் இருந்த பழைய விசிறி மெதுவாகச் சுற்றியது. சூடு தாங்கவில்லை. அதனால் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்தாள். மேஜையில் படுத்த வாக்கில் இருந்த பெட்டி குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆட்கள் நின்று யோசிக்காமல் நடந்தார்கள். ஆற்றைக் கடந்தார்கள்.

அதற்கப்புறம் ஆயுத பூஜை வந்தது.

முரளிதரன் ஸ்கூட்டரைக் கழுவி வாழைக்கன்று கட்டினான். அவன் மனைவி ரூபா தையல் மிஷினுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தாள். அரிவாள்மணை, சுத்தியல், கத்தரிக்கோல் எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. தசரா பார்க்க மார்டள்ளி கிராமத்திலிருந்து ரூபாவின் அப்பா சித்தையன் வந்திருந்தார். லீலாவின் அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ராத்திரிதானே என்றார்கள்.

"கம்ப்யூட்டருக்கு நானே வெச்சுக்கறேன்" என்றாள் லீலா.

ரூபா கையில் குங்குமக் கிண்ணத்தோடு நின்றாள். கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"எதுக்கு அண்ணி. மாமா வேற வந்திருக்காரு" என்றான் முரளிதரன். "நான் போட்டுடறேன். உங்களுக்கு ஏன் சிரமம்?"

ஒரு வருஷமாகத் திருகாணி திருகாணியாகச் சேர்த்த பெட்டிக்கு ஒரு பொட்டு வைப்பது சிரமமாம். லீலா கதவருகே நின்று பார்த்தாள். அவன் மானிட்டருக்குப் பொட்டு வைத்தான். கீபோர்டில் பூ வைத்தான். அவன் வேலை பார்த்த பேக்டரியில் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சந்தனத்தில் ஒட்டுவார்கள். லேத்தின் வார்ப்பிரும்பு உடம்பில் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் ஓட்டுகிறவன் எடுத்துக்கொள்வான். அவன் இங்கேயும் நாணயத்தில் சந்தனத்தை அப்பி, திறந்த பெட்டிக்குள் கையை விட்டு, பவர் சப்ளையின் தகரப் பக்கத்தில் அழுத்தினான். அதற்கு நேர் கீழே போர்டு இருந்தது.

"முரளி, அதை எடு. உள்ள விழும்."

"பூஜை வெச்சதை இன்னிக்கு அசைக்கக் கூடாது அண்ணி. நாளைக்கு எடுத்துடலாம்."

அன்று ராத்திரி அந்த அறையில் சித்தையன் தூங்கினார். சந்தனம் காய்ந்தது.

"சரி, போனது போகட்டும்" என்றான் முரளிதரன் இப்போது. "இதுக்கு மேல அதுல காசு போடாதீங்க. பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடலாம். அந்த மேஜையை எடுத்துட்டா இன்னொரு கட்டில் தாராளமாப் போடலாம். மாமாவும் அடிக்கடி வராரு."

லீலா அவனைப் பார்த்தாள். அவன் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி ஒரு வாரம் செத்துக் கிடந்தால் போதும். மேஜை போகும், கட்டில் வரும், கதவைச் சாத்த முடியாது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். போர்டைக் கழற்றினாள். நியூஸ்பேப்பரில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக்கூட வாராமல் கிளம்பினாள்.

"இன்னிக்கு தசரா ஊர்வலம்க்கா. ஒரு கடையும் இருக்காது" என்றாள் ரூபா.

லீலா செருப்பைப் போட்டாள்.

அக்ரஹாரத்தோடு பஸ் நின்றுவிட்டது. சயாஜி ராவ் ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பு கட்டியிருந்தார்கள். காலையிலேயே வந்து இடம்பிடித்த குடும்பங்கள் பாயை விரித்துச் சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. குறுக்கே போக முடியவில்லை. உட்காரம்மா, யானை வருவதற்கு நேரமிருக்கிறது என்று ஒருவன் கன்னடத்தில் சொன்னான். யானை பார்க்க வரவில்லை என்றாள். பையில் என்ன என்று போலீஸ்காரன் கேட்டான். கம்ப்யூட்டர் என்றாள். அவன் பையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கினான்.

பாச்சுவின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. சந்தனம் பூசி மாவிலை தொங்கியது. அவன் வீடு மாடியில். லீலா கீழேயே நின்று கூப்பிட்டாள். அவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு அங்கடி ரஜா மேடம், கடை லீவு. அம்மா ஒத்துக்க மாட்டா."

"பாதி ஷட்டர் திறந்தாப் போதும்."

"நாளைக்கு வாங்கோளேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

"முடியாது பாச்சு."

அவன் இறங்கி வந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். அவன் போர்டை முதலில் முகர்ந்து பார்த்தான். பிறகு மீட்டர் வைத்தான்.

"என்ன விழுந்தது?"

"ஒரு ரூபாய்."

"பூஜைக் காசா?" பாச்சு சிரித்துவிட்டான். "தண்ணி பார்த்திருக்கேன், எலி பார்த்திருக்கேன். லக்ஷ்மியே நேர்ல வந்து விழுந்து இப்பத்தான் பார்க்கறேன்."

லீலா சிரிக்கவில்லை. அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"போர்டு போயிடுத்து. ப்ராசஸர் பொழைச்சிருக்கு. மெமரி பரவாயில்ல. வேற போர்டு வர ஒரு மாசம் ஆகும். உங்க பையனைப் பொறுத்துக்கச் சொல்லுங்கோ. பரீட்சைக்குப் படிக்கட்டும்."

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தான் மேடம். விளையாடறானே."

ஒரு வருஷமாக அவன் பையன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பையனுக்கு எது பிடிக்கும், பையன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் போகிறான் என்று பேசுவான். அவள் மறுத்ததில்லை. அப்படி இருந்தால் கடையில் நிற்பது சுலபமாக இருந்தது.

"எனக்குப் பையன் கிடையாது. விளையாடறது நான்."

பாச்சு மீட்டரைக் கீழே வைத்தான்.

"சண்டை விளையாட்டா?"

"அதுதான்."

"நீங்களா?"

"ஏன், விரல் இல்லியா எனக்கு?"

"அதுக்கில்ல மேடம். முதல்லயே சொல்லக்கூடாதோ." அவன் பின்பக்க அலமாரியைக் காட்டினான். "சின்னப் பசங்க ரெண்டு மாசத்துல விட்டுடுவான்கள்னுதான் அந்தப் பழைய போர்டைத் தள்ளிவிட்டேன். இதோ, இது அப்பவே என்கிட்ட இருந்தது. பெரியவாளுக்குன்னு தெரிஞ்சிருந்தா இதைத்தான் குடுத்திருப்பேன்."

லீலாவுக்குக் காது சூடானது. இங்கேயும் ஒருத்தன் அவளுக்கு எது போதும் என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறான். அதற்கு அவளே வழிவிட்டிருக்கிறாள்.

"அதை எடு" என்றாள்.

"அது ஒருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"ஒரு மாசத்துல வேற போர்டு வரும்னு இப்பச் சொன்னியே. அதை அவருக்குக் கொடு. இது எனக்கு."

"விலை எட்டாது மேடம்."

"என் கலர் மானிட்டரை எடுத்துக்கோ. பதிலுக்கு ஒரு பிளாக் அண்ட் ஒயிட் கொடு."

பாச்சு தலையைச் சொறிந்தான். வியாபாரம் அவனுக்கு நல்லதுதான். ஆனாலும் கேட்டான்: "அதுல எப்படி ஆடுவேள்? உங்க ஆள் சேப்பு, எதிராளி பச்சைன்னா ரெண்டும் ஒரே சாம்பலாத் தெரியும். யாரை அடிக்கறோம்னே புரியாதே."

"பார்த்துக்கறேன்."

அவன் போர்டைச் சுற்றிக் கொடுத்தான். மானிட்டரை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஷட்டரை இறக்கும்போது, "அம்மாகிட்டச் சொல்லிடாதீங்கோ" என்றான்.

சாயங்காலம் ஊர்வலம் பார்த்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். முரளிதரன் வன்னி இலை வாங்கி வந்திருந்தான். விஜயதசமிக்கு அதைப் பெரியவர்கள் கையில் கொடுத்துக் கும்பிட வேண்டும். மாமனாருக்குக் கொடுத்துக் காலைத் தொட்டான். பிறகு பின்பக்கத்து அறைக்கு வந்தான். லீலா தரையில் உட்கார்ந்து பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாங்க."

லீலா இலையைப் பார்த்தாள்.

"மிஷினை ஓட்டறதுக்கு என் கை ஆகாது. இலை வாங்கறதுக்கு மட்டும் ஆகுமா?"

"யாரு அண்ணி அப்படிச் சொன்னா? நான் சொன்னேனா?"

"நீ சொல்லல. யாருமே சொல்லல. சொல்லாமயே எல்லாம் செய்யறீங்க."

சத்தம் கேட்டுச் சித்தையன் வந்தார். மார்டள்ளியில் பெரிய விவசாயி. யாரையும் அதட்டிப் பழக்கமில்லாதவர்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு வெளையாட்டுச் சாமானுக்கு இத்தன பேச்சா? புள்ள ஏதோ சாமி கும்புடறதா நெனச்சுப் பண்ணிப்போட்டான். உடுங்க."

"உங்க மாப்பிள்ளை ஸ்கூட்டர் பெட்ரோல் டேங்க்ல நான் ஒரு பிடி குங்குமத்தைக் கொட்டிட்டு, சாமி கும்பிட்டேன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

சித்தையன் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அண்ணன் இருந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றான் முரளிதரன்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா நேத்து குங்குமத்தை என் கையில கொடுத்திருப்பீங்க. இதே கைதான்."

ரூபா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நான்தான்க்கா அவரை அனுப்பினேன்" என்றாள். "நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஓட்டிடுங்கன்னு. வருஷம் பூரா நல்லா ஓடட்டும்னுதான். உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் லீலா. "எல்லாம் என் நல்லதுக்குத்தான். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த ரூம் வாடகையை நான் கொடுக்கறேன். விருந்தாளி வந்தா ஹால்ல பாய் போடுங்க. இந்த மேஜையை யாரும் தொடக்கூடாது. அடுத்த வருஷம் இதுக்குப் பூஜை போடணும்னா நான் போடுவேன். வேண்டாம்னா இந்த மிஷினுக்குப் பூஜையே வேண்டாம்."

"ஊர்ல நாலு பேர்…" என்று தொடங்கினான் முரளிதரன்.

"அந்த நாலு பேரைக் கூட்டிட்டு வா. நானே சொல்றேன்."

அவன் இலையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான். சித்தையன் தம் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸ் இருந்தது. லீலா போனாள். லீவு முடிந்து பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மதியம்வரை ஓவர்டைம் பட்டியல் அடித்தாள். திரும்பும்போது வழியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். அறைக் கதவில் இருந்தது தேய்ந்துபோயிருந்தது.

ஐந்து மணிக்குப் பாச்சு ஆட்டோவில் வந்தான். கலர் மானிட்டரை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போனான். முரளிதரன் கலர் மானிட்டரை ஆட்டோவரை ஒரு பக்கம் பிடித்தான். அவனும் லீலாவும் பேசிக்கொள்ளவில்லை. சித்தையன் காலையிலேயே சாமராஜநகர் பஸ்ஸில் ஊருக்குப் போயிருந்தார்.

லீலா போர்டைப் பூட்டினாள். முதல் தடவை மிஷின் கிளம்பவில்லை. மெமரியை எடுத்து மறுபடி செருகியபோது கிளம்பியது. புதுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு விளையாட உட்கார்ந்தாள். பாச்சு சொன்னது சரி. எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எந்த ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று நினைவில் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் தன் ஆட்கள் இரண்டு பேரைத் தானே கொன்றாள். ஆட்டம் முடியவில்லை.

எட்டு மணிக்கு ரூபா கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். லீலா போய்ச் சாப்பிட்டாள். ரசமும் பீன்ஸ் பொரியலும் இருந்தன.